புத்தகத்தை மூடு, அப்புறம் சொல்லு!

பிள்ளை படிக்கவே மாட்டேன் என்கிறதே என்று கவலைப்படும் அம்மாக்கள் ஒரு ரகம். விடிய விடியப் படிக்கிறாளே, மார்க்கு மட்டும் ஏன் வரமாட்டேன் என்கிறது என்று தவிக்கும் அம்மாக்கள் இன்னொரு ரகம். நான் இரண்டாவது ரகத்தைச் சேர்ந்தவள். முதல் ரகத்துக்காவது திட்டுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்களைப் போன்றவர்கள் யாரைத் திட்டுவது, சொல்லுங்கள்!

மதுரைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊர் எங்களுடையது. என் மூத்த பெண் அங்கே அரசுப் பள்ளியில், தமிழ் மீடியத்தில் படித்தாள். பத்தாவதில் சுமாரான மார்க்குதான். இருந்தும் பிடிவாதமாக சயின்ஸ் குரூப் எடுத்தாள். காரணம், அவளுக்கு நர்ஸ் ஆக வேண்டும். அவள் தாத்தா பக்கவாதத்தில் விழுந்து 11 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ராத்திரித் துணைக்கு இருந்தவள் அவள்தான். முதுகில் புண் வராமல் இரண்டு மணிக்கு ஒரு தரம் அவரைப் புரட்டிப் படுக்க வைத்த நர்ஸ் பெண்களைப் பார்த்துப் பார்த்துப் பிடித்த ஆசை அது.

பிளஸ் ஒன் காலாண்டுப் பரீட்சையில் உயிரியல் தாளில் 70-க்கு 23 வந்தது. ராத்திரி பதினோரு மணி வரை விளக்கு எரிந்த வீட்டில் 23!

என் கணவர் மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறவர். டியூஷன் விசாரிக்கப் போனவர், ஃபீஸைக் கேட்டதும் வாயைத் திறக்காமல் திரும்பி வந்துவிட்டார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது சொன்னார். "இப்பவே குரூப்பை மாத்திடலாம். இல்லேன்னா பிளஸ் டூவோட நிறுத்திட்டு, நல்ல இடம் வந்தா பாத்துடலாம். அதுக்கு எதுக்கு இந்த ரத்தம், எலும்பு, தவளை எல்லாம்?" அவரைக் குறை சொல்ல மாட்டேன். கையில் இல்லாத காசுக்கு அவர் என்ன செய்வார்? ஆனால் உள்ளே நின்றிருந்த பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். நான் பத்தாவதோடு நின்றவள். அந்த முகம் எனக்குத் தெரியும்.

"அரையாண்டு வரைக்கும் பொறுங்க" என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

அவள் எப்படித்தான் படிக்கிறாள் என்று மூன்று நாள் காய் நறுக்கிக்கொண்டே கவனித்தேன். புத்தகம் முழுக்க மஞ்சளும் ரோஸுமாகக் கோடுகள். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறாள். உதடு அசைகிறது. கண் ஓடுகிறது. ஐந்தாவது தடவை வாசித்து முடித்தபோது புத்தகத்தை வாங்கி மூடினேன்.

"நெஃப்ரான்னா என்ன? சொல்லு தாயி."

"தெரியும்மா... வாய்ல இருக்கு... வர மாட்டேங்குது. குடுங்கம்மா, ஒரே ஒரு தடவை பாத்துக்கறேன்."

அந்த 'ஒரே ஒரு தடவை'யில்தான் விஷயம் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. ஏன் தெரியுமா? கோலம் போடுகிற நம் எல்லாருக்கும் இது தெரிந்த சங்கதிதான். கோல நோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எல்லாக் கோலமும் சுலபமாகத் தெரியும். 'இதென்ன, 15 புள்ளி, 8 வரை இடைப்புள்ளிதானே' என்று தோன்றும். விடியற்காலையில் தண்ணீர் தெளித்த வாசலில், கையில் மாவோடு தனியாக நிற்கும்போதுதான் எந்தப் புள்ளியில் வளைக்க வேண்டும் என்பது மறந்திருப்பது புரியும். நோட்டைப் பார்த்துப் பத்து நாள் போட்டாலும் கோலம் கையில் நிற்காது. பார்க்காமல் தடுமாறி, தப்பாகப் போட்டு, அழித்துப் போட்டால் மூன்றாம் நாள் கைக்கு வந்துவிடும். பாடமும் அப்படித்தானே!

அன்றைக்கே ஒரு சட்டம் போட்டேன். பாடத்தை ஒரு தடவை நிதானமாக, புரிந்துகொண்டு படி. பிறகு புத்தகத்தை என்னிடம் கொடுத்துவிடு. ஒரு வெள்ளைத்தாளில் ஞாபகம் வருவதையெல்லாம் எழுது, படத்தையும் போடு. பத்து நிமிஷத்துக்குப் புத்தகம் கிடையாது. அதன்பின் புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் அதே தாளில் சேர். நாளைக்குப் படிக்க வேண்டியது சிவப்பு மட்டும்தான். நீலத்தில் இருப்பது உனக்கு வந்துவிட்டது, அதை மறுபடி மறுபடி வாசித்து நேரத்தைக் கழிக்காதே.

முதல் நாள் தாளைப் பார்த்து அவள் அழுதேவிட்டாள். நெஃப்ரானுக்கு நீலத்தில் நான்கே வரி. பௌமானின் கிண்ணம், அண்மைச் சுருள் குழல், ஹென்லே வளைவு, சேய்மைச் சுருள் குழல், சேகரிப்பு நாளம் என்று ஐந்து பகுதியில் அவளுக்கு வந்தது இரண்டு. தாள் முழுக்கச் சிவப்பு. "அஞ்சு தடவை படிச்சேனேம்மா!" என்றாள். மறுநாள் அதே தாளை எடுத்துச் சிவப்பை மட்டும் படித்து மூடி எழுதினாள். சிவப்பு பாதியாகக் குறைந்தது. மூன்றாம் நாள் இரண்டு வரிதான் சிவப்பு. அழுகை நின்று சிரிப்பு வந்துவிட்டது.

"எனக்கு இங்கிலீஷும் தெரியாது, உயிரியலும் தெரியாது, நான் எப்படிக் கேள்வி கேட்பது?" என்று என் ஓரகத்தி கேட்டாள். கேள்வி கேட்கப் படிப்பு வேண்டியதில்லை சகோதரிகளே! புத்தகம் நம் கையில் இருக்கிறது. தடித்த எழுத்தில் இருக்கும் தலைப்பின் பின்னால் 'என்ன', 'எங்கே', 'எதற்கு', 'இல்லாவிட்டால் என்ன ஆகும்' என்று சேர்த்தால் கேள்வி தயார். பிள்ளை சொல்வதைப் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்க எழுத்துக்கூட்டத் தெரிந்தால் போதும்.

சமையற்கட்டே எங்களுக்கு வகுப்பறையாகிவிட்டது. தாவரவியலில் பாதியை அஞ்சறைப் பெட்டியும் காய்கறிக் கூடையுமே நடத்திவிடும். இஞ்சியைக் கையில் எடுத்து, "இது வேரா, தண்டா?" என்பேன். "தண்டும்மா. கணுவும் செதில் இலையும் இருக்கு. மட்டநிலத்தண்டு." உருளைக்கிழங்கு? "அதுவும் தண்டு. கண் இருக்கே, அதுதான் மொட்டு." சர்க்கரைவள்ளி? "அது வேர்." வெங்காயத்தில் நாம் தின்பது? "சதைப்பற்றான இலை. அடியிலே தட்டையா இருக்கறதுதான் தண்டு." பட்டை மரத்தின் உள்பட்டை, கிராம்பு பூ மொட்டு, குங்குமப்பூ சூல்முடி. சீதாப்பழம் ஒரே பூவிலிருந்து வருவதால் திரள்கனி. பலாப்பழம் ஒரு மஞ்சரி முழுவதும் சேர்ந்து உண்டாவதால் கூட்டுக்கனி. சாம்பார் கொதிப்பதற்குள் பத்துக் கேள்வி முடிந்துவிடும். பரீட்சை ஹாலில் இஞ்சியை நினைத்தால் விடை வரும் என்றாள். எனக்கோ, இருபது வருஷமாக நறுக்குகிற இஞ்சி அன்றைக்குத்தான் தண்டு என்று தெரிந்தது!

பிளஸ் டூவில் இரட்டைக் கருவுறுதல் வந்தது. மகரந்தக் குழலிலிருந்து வரும் இரண்டு ஆண் கேமீட்டுகளில் ஒன்று முட்டையோடு சேர்ந்து கரு ஆகிறது. மற்றொன்று நடுவிலுள்ள உட்கருக்களோடு சேர்ந்து கருவூண் திசு ஆகிறது. கருவுக்குச் சாப்பாடு அதுதான். இந்த இடம் அவளுக்கு மாறி மாறிக் குழம்பியது. ஒருநாள் இளநீர் வெட்டினோம். "இந்தத் தண்ணிதாம்மா கருவூண். உட்கருக்கள் தனித்தனியா மிதக்கற கருவூண். வழுக்கையும் தேங்காயும் செல்லாப் பிரிஞ்ச கருவூண்" என்று அவளே கண்டுபிடித்துச் சொன்னாள். அதற்குப் பின் அந்தக் கேள்வியில் சிவப்பே விழவில்லை.

என்னைவிடக் கெட்டிக்கார வாத்தியார் என் மாமியார். கைநாட்டுத்தான். ஆனால் புரியாமல் ஒன்றை விடமாட்டார். படித்ததை அப்பத்தாவுக்குச் சொல்லி விளங்க வைக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைப் பரீட்சை.

"ரெண்டு சிறுநீரகமும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டுது அப்பத்தா."

"ஏத்தா, 180 லிட்டரா? நம்ம ட்ரம்மே அம்புட்டுக் கொள்ளாதே! அம்புட்டும் எங்க போவுது?"

பெண் ஒரு நிமிஷம் திணறினாள். பிறகு அவளே விடையைக் கோத்தாள். உடம்பில் இருப்பது ஐந்து லிட்டர் ரத்தம்தான். அதுவே திரும்பத் திரும்ப வந்து வடிகிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள். வடிந்ததில் பெரும்பகுதியைக் குழல்கள் உறிஞ்சி ரத்தத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. வெளியே போவது ஒன்றரை லிட்டர்போல. 'மீள உறிஞ்சுதல்' என்று புத்தகம் சொல்வதன் அர்த்தம் அவளுக்கு அன்றைக்குத்தான் முழுதாக விளங்கியது.

இதயப் பாடத்தில் இன்னொன்று. "தமனின்னா நல்ல ரத்தம், சிரைன்னா கெட்ட ரத்தம்னு சொன்னே. இப்ப நுரையீரலுக்குப் போற தமனியில கெட்ட ரத்தம்ங்கறியே?" என்று மடக்கினார் அப்பத்தா. மனப்பாடம் செய்தவள் அங்கே தோற்றாள், யோசித்தவள் ஜெயித்தாள். இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோவது தமனி, இதயத்துக்குக் கொண்டுவருவது சிரை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் கூடவா குறையவா என்பதை வைத்துப் பெயர் வைக்கவில்லை. ஆகவே நுரையீரல் தமனியில் ஆக்ஸிஜன் குறைந்த ரத்தம் ஓடுவதில் தப்பே இல்லை.

மலேரியா பாடத்தன்று அப்பத்தா முந்திக்கொண்டார். "எங்க காலத்துல அதை முறைக்காய்ச்சல்னு சொல்லுவோம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் நடுக்கிக்கிட்டு வரும்." ஏன் அப்படி முறை வைத்து வருகிறது? கிருமி முதலில் ஈரலுக்குப் போய், பிறகு சிவப்பணுக்களுக்குள் புகுந்து பெருகி, ஒரே சமயத்தில் அவற்றை வெடிக்கச் செய்து வெளியே வருகிறது. அப்போது வெளிப்படும் நச்சுப்பொருளால்தான் நடுக்கமும் காய்ச்சலும். மறுபடி புது அணுக்களுக்குள் புகுந்தால், அது பெருகி வெடிக்கும்வரை இடைவெளி. ஓர் அனுபவமும் ஒரு பாடமும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டால் பிறகு மறக்குமா!

பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் இதையெல்லாம் விலங்கியல் டீச்சரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "நீங்க செய்யறது ஆராய்ச்சியிலேயே நிரூபிச்சது" என்று விளக்கினார். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்து 1885-ல் புத்தகமாகப் போட்டாராம். மறதி முதல் சில மணி நேரத்திலும் முதல் நாளிலுமே மளமளவென்று நடந்துவிடுகிறது. 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இருவர் கல்லூரிப் பிள்ளைகளை வைத்துச் சோதித்தார்களாம். ஒரு சின்னப் பாடத்தை ஒருமுறை படித்தபின், சிலர் மறுபடி அதையே வாசித்தார்கள். மற்றவர்கள் மூடி வைத்து, நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டால் மறுபடி வாசித்தவர்களே கொஞ்சம் மேல். ஆனால் ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, மறுபடி வாசித்தவர்களுக்கு 42 சதவிகிதமும், மூடி எழுதியவர்களுக்கு 56 சதவிகிதமும் ஞாபகம் இருந்தது.

இதைக் கேட்டதும் எனக்கு ஒரு பெரிய முடிச்சு அவிழ்ந்தது. இரவு படித்தவுடன் எல்லாம் வந்ததுபோல் பிள்ளைக்குத் தோன்றுகிறதே, அது பொய்யில்லை. அந்த ஐந்து நிமிஷத்துக்கு அது உண்மைதான். பரீட்சைதான் ஐந்து நிமிஷத்தில் வருவதில்லை!

டீச்சர் இன்னொரு வழியும் சொல்லிக் கொடுத்தார். செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1970-களில் ஜெர்மன் மொழியில் எழுதிய புத்தகத்தில் உள்ள பெட்டி முறையாம் அது. நாங்கள் அதை எங்கள் வசதிக்கு மாற்றிக்கொண்டோம். வீட்டில் குவிந்திருந்த பழைய கல்யாணப் பத்திரிகைகளை நறுக்கி, வெறுமையான பக்கத்தில் ஒரு கேள்வியும் கீழே புத்தகப் பக்க எண்ணும் மட்டும் எழுதினாள். மூன்று பிஸ்கட் டின்கள். முதல் டின்னில் இருப்பதைத் தினமும் கேட்க வேண்டும். சரியாகச் சொன்னால் இரண்டாவது டின்னுக்கு. அது மூன்று நாளுக்கு ஒருமுறை. அதிலும் சரியென்றால் மூன்றாவது டின். அது வாரம் ஒருமுறை. எந்த டின்னில் தப்பினாலும் சீட்டு திரும்ப முதல் டின்னுக்கே வந்துவிடும். செலவு ஒரு பைசா இல்லை. மூன்றாவது டின் நிரம்ப நிரம்ப, பிள்ளைக்குத் தன்மேல் நம்பிக்கை நிரம்புவதைக் கண்ணால் பார்க்கலாம்.

இதைச் செய்து பார்க்க நினைக்கும் அம்மாக்களுக்கு, என் அனுபவத்தில் கண்ட சில யோசனைகள்:

தப்பாகச் சொன்னால் திட்டாதீர்கள், முகத்தையும் சுளிக்காதீர்கள். தப்பு என்று தெரிந்துகொள்ளத்தானே கேட்கிறோம்! திட்டு விழுமென்றால் பிள்ளை வாயையே திறக்காது. அதேபோல, திணறுகிறாளே என்று உடனே விடையை எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம். நெற்றியைச் சுருக்கி யோசிக்கிற அந்த நிமிஷம்தான் பாடம் உள்ளே இறங்குகிற நிமிஷம். கொஞ்சம் பொறுத்து, வராவிட்டால் புத்தகத்தைக் காட்டிவிடுங்கள். தப்பான விடை மனதில் தங்கிவிடக் கூடாது.

புரியாததை மூடி வைத்து எழுதச் சொல்வதில் பிரயோஜனமில்லை. அது வெறும் ஒப்பித்தல். முதலில் டீச்சரிடம் கேட்டுத் தெளியட்டும், பிறகு மூடட்டும்.

படங்களை விட்டுவிடாதீர்கள். இதயத்தைப் பார்த்து வரைவது வேறு, பாராமல் வரைந்து நான்கு அறைக்கும் வால்வுகளுக்கும் பெயர் எழுதுவது வேறு. கரித்துண்டால் புறவாசல் சிமெண்ட்டுத் தரையிலேயே வரைந்து பழகினாள் என் பெண். பெயர் எழுதியபின் ரத்தம் போகும் வழியை விரலால் காட்டச் சொல்லுங்கள். ஒரு வரிக் கேள்விக்குச் சீட்டு போதும். இந்த மாதிரி வழிமுறைகளுக்கு வெள்ளைத்தாளும் வாயும்தான் வேண்டும்.

ஒரே பாடத்தை ஒரே நாளில் நாலு மணி நேரம் கேட்பதைவிட, நாலு நாளில் அரை அரை மணியாகக் கேட்பது நல்லது. இடையில் கொஞ்சம் மறந்து, திரும்ப நினைவுபடுத்தும்போதுதான் பிடிப்பு வருகிறது.

கடைசியாக, தூக்கம். படித்தது மூளையில் பதியத் தூக்கம் வேண்டும். இந்த முறையில் நேரம் மிச்சமானதால் பதினோரு மணி விளக்கைப் பத்து மணிக்கே அணைத்தேன். கண்ணுக்குக் கீழ் கருப்பு மறைந்தது, காலையில் தலைவலி என்பதும் நின்றது.

அரையாண்டில் உயிரியலில் 70-க்கு 41. ஆண்டுத் தேர்வில் 54. என் கணவர் குரூப் மாற்றுகிற பேச்சை அதன்பின் எடுக்கவில்லை. அதுமட்டுமா! ராத்திரி கடையிலிருந்து வந்து, மூன்றாவது டின்னைத் தானே எடுத்து வைத்துக்கொண்டு, கணக்குப்பிள்ளைக் கண்டிப்போடு சீட்டு சீட்டாகக் கேட்க ஆரம்பித்தார். இயற்பியல் மட்டும் கடைசிவரை எங்களுக்கு வசப்படவில்லை. கணக்குப் போட்டுப் பழக வேண்டிய பாடத்துக்கு டின் போதாது. பிளஸ் டூ பொதுத்தேர்வில் உயிரியலில் செய்முறை மதிப்பெண்ணும் சேர்த்து 100-க்கு 87. இயற்பியல் இழுத்ததால் மதுரையில் அரசுக் கல்லூரி கிடைக்கவில்லை; பஸ்ஸில் நாலு மணி நேரம் போகிற தூரத்தில் ஒரு கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டில் பி.எஸ்ஸி. நர்ஸிங் இடம் கிடைத்தது. கழுத்துச் சங்கிலி ஒன்று இப்போது அடகுக் கடையில் இருக்கிறது. இருக்கட்டும், மீட்டுக்கொள்ளலாம்.

போகும்போது காலியான இரண்டு டின்களை எடுத்துக்கொண்டு போனாள். முதலாம் ஆண்டில் எலும்புகளின் பெயர் மட்டுமே 206 இருக்கிறதாம். ஹாஸ்டலில் அறைத்தோழிகள் முதலில் கேலி செய்தார்களாம். இப்போது ஆளுக்கொரு டின் வைத்திருக்கிறார்களாம்!

எட்டாவது படிக்கும் சின்னவனுக்கு இப்போது நான் வாத்தியார். உங்கள் வீட்டிலும் விளக்கு மட்டும் எரிந்துகொண்டு, மார்க்கு வராமல் தவிக்கிற பிள்ளை இருந்தால், டியூஷனுக்குக் கடன் வாங்குமுன் இன்றிரவு அரை மணி நேரம் அதன் பக்கத்தில் உட்காருங்கள். கையில் முறமோ முருங்கைக் கீரையோ இருந்தாலும் பரவாயில்லை. ஒரு பாடம் படிக்கட்டும். பிறகு புத்தகத்தை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.